இடது கைக்கு வராத பூ

அரக்குச் சிவப்புப் பட்டுத் துணி ஒன்று என் கடைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ரவிக்கையின் வலது கை முழுக்கத் தங்க நூல். மாங்காய், கொடி, விளிம்பில் வரிசையாகச் சின்ன அன்னங்கள். பக்கத்திலேயே இடது கை. அதற்குச் சாக்பீஸ் கோடு மட்டும்தான். உள்ளே வெறும் பட்டு.

அதன் முன்னால் லெட்சுமியக்கா நின்றுகொண்டிருந்தார். ஜெஞ்சாரோமிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை காலை.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவர் அந்த வெறும் கையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“போட்டோ புடிக்கிறப்ப இந்தப் பக்கத்த முந்தானையால மறைச்சுக்கச் சொல்லவா தனம்?” என்று கேட்டார்.

கேலி இல்லை. நிஜமாகவே யோசனை கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். நாளைக்கு மத்தியானம் வாருங்கள், முடிந்திருக்கும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். எப்படி முடியும் என்று எனக்கே தெரியாது.

அவர் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் நான் மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன், கூட்டினேன். தரையில் விழாத நூலைக் குனிந்து பொறுக்கினேன். நான் அப்படித்தான். சோறு வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவள். மின்தூக்கி வரத் தாமதமானால் பொத்தானை இருபது தடவை குத்துபவள். “தனம், உன் காலுக்குக் கீழ நெருப்பு இருக்கா?” என்று என் அம்மா கேட்பார். இல்லை என்று சொல்லக்கூட நான் நின்றதில்லையாம்.

மழை செய்த வேலை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கடை தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில், மாலைக் கடைகளுக்கு மேலே, மாடியில். படியேறும்போதே மல்லிகை வாசனை கூட வரும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: ரவிக்கை தைக்கிறோம், இயந்திரத்தில் பூப்போடுகிறோம். கையை வெட்டுவதற்கு முன்னாலேயே துணியைச் சட்டத்தில் மாட்டிப் பூப்போட்டுவிடுவது வழக்கம். பூ விழுந்த பிறகுதான் கத்தரி.

பூப்போடும் இயந்திரம் தானாக எதையும் யோசிக்காது. பக்கத்தில் ஒரு பழைய கணினி இருக்கும். அதில் உள்ள மென்பொருள்தான் கம்பி வழியாக, இங்கே குத்து, அங்கே திரும்பு என்று சொல்லிக்கொடுக்கும். வலது கைக்குப் போட்ட பூவை இடது கைக்குத் திருப்பிக் கொடுப்பதும் அதுதான்.

புதன்கிழமை மத்தியானம் வலது கை முடிந்தது. சட்டத்தைக் கழற்றி இடது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர் மத்தியான மழையைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வானம் இருட்டி, எதிர்க்கட்டடம் மறைந்து, இடி ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே இறங்கியது. விளக்கு போனது. திரும்பி வந்தபோது இயந்திரம் கண்ணைத் திறந்தது. கணினி திறக்கவில்லை. கருகிய ரப்பர் வாசனை மட்டும் வந்தது.

கீழே கைப்பேசியும் கணினியும் பழுது பார்க்கும் ஜமால் வந்து பார்த்தார். திறந்தார், முகர்ந்தார், மூடினார்.

“போர்டு போச்சுக்கா. ஆனா டிஸ்க் உயிரோட இருக்கு லா,” என்றார்.

பூக்கள் எல்லாம் அந்த வட்டில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைத் திறக்கும் மென்பொருள், என் மகன் ஜொகூரிலிருந்து முன்பே வாங்கி அனுப்பியிருந்த புது மடிக்கணினியில் ஏறவே மறுத்தது. தனக்குப் பழக்கப்பட்ட பழைய இயங்குதளம்தான் வேண்டும் என்றது. மாமியார் வீட்டுத் தண்ணீர் சேராத புது மருமகள் மாதிரி.

வேறு கடையில் கொடுத்தால் அவர்கள் பூ வேறு. கையால் போடலாம் என்றால் வலது கையோடு சேராது, இருப்பதும் இரண்டு நாள். வலது கையைப் பிரித்துவிட்டு இரண்டையும் வெறுமனே விடலாம். ஆனால் பட்டில் ஊசி போன தடம் போகாது.

கணினிக்குள் கணினி

ஜமால்தான் வழி சொன்னார். புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினி இருப்பதாகப் பாவனை செய்யும் மென்பொருள் உண்டு. தமிழில் மெய்நிகர் கணினி என்கிறார்கள். பழைய இயங்குதளத்தை அதற்குள் நிறுவிவிட்டால், பூப்போடும் மென்பொருள் ஏமாந்துபோய், தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்து வேலை செய்யும்.

“ஒரு மணி நேர வேலைக்கா. வீடியோ இருக்கு, பாத்துப் பண்ணிடலாம்,” என்றார்.

அந்த மென்பொருளையும், பழைய இயங்குதள வட்டின் நகலையும், இயந்திரத்துக் கம்பியை மடிக்கணினியில் சொருக ஒரு சின்ன இணைப்பானையும் கொடுத்தார். பிறகு குடும்பத்தோடு பினாங்குக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அவர் வீட்டிலும் ஒரு கல்யாணம். தை மாதம் யாருக்குத்தான் கல்யாணம் இல்லை?

லெட்சுமியக்கா போன பிறகு நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு. வீடியோவை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டு, பாதி நின்றபடி பார்த்தேன். அதில் பேசிய ஆள் எலிக்குஞ்சு மாதிரி கீச்சிட்டார். புதுக் கோப்புறை உண்டாக்கு என்றார், உண்டாக்கினேன். பெயர் வை என்றார், வைத்தேன். தொடங்கு என்றார், தொடங்கினேன்.

கறுப்புத் திரை வந்தது. அதன் மேல் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே பொடி எழுத்தில் ஏதோ. மூடினேன். மறுபடி தொடங்கினேன், மறுபடி பெட்டி. அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். மடிக்கணினியை அணைத்துப் போட்டேன். மின்கம்பியைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினேன். ஒருமுறை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தட்டியும் பார்த்தேன். பெட்டி வந்துகொண்டே இருந்தது.

கீழே போய் ஒரு கோப்பி குடித்தேன். பாதியில் வைத்துவிட்டு மேலே ஓடி வந்தேன். நான் இல்லாதபோது அது தானாகச் சரியாகியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. சரியாகவில்லை. கொடியில் அந்த இடது கை வெறுமனே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு ஒரே ஒரு ஆளின் நினைவுதான் வந்தது. வரக்கூடாது என்று எவ்வளவு தள்ளினாலும் வந்தது.

காலியான நாற்காலி

என் தங்கை கோகிலாவைப் பற்றி நான் இந்தத் தொடரில் அதிகம் எழுதவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடத்திய கடை என்றீர்களே, அந்த இன்னொருவர் எங்கே என்று கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்கு இதுதான் பதில்.

நான் அளவெடுத்து வெட்டித் தைப்பேன், வாடிக்கையாளரிடம் பேசுவேன், சண்டை போடுவேன். கோகிலா கணினி முன்னால் உட்கார்ந்து பூ வரைவாள். அந்த அன்ன வரிசை அவள் வரைந்ததுதான். ஒரு அன்னத்தின் கழுத்து வளைவுக்காக ஒரு வாரம் உட்கார்ந்தவள். நான் அதற்குள் ஒரு கல்யாண வீட்டுக்கே துணி தைத்து அனுப்பியிருப்பேன்.

கணினி கடைக்கு வந்த அன்று, பெட்டியின் நெற்றியில் நான் சந்தனத்தால் பிள்ளையார் சுழி போட்டேன். அவள், “உள்ள தண்ணி போவாம பாத்துக்கக்கா,” என்றாள். அவ்வளவுதான் அவளுடைய எதிர்ப்பு.

பிறகு ஒருநாள் போய்விட்டாள். கொஞ்ச நாளாகவே, இயந்திரமும் கணினியும் பழசாகிவிட்டன, மாற்றலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றேன் நான். பேச்சு தடித்தது. மறுநாள் அவள் வரவில்லை. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. புது இயந்திரத்துக்காகக் கூடப்பிறந்தவளை விட்டுப் போவாளா ஒருத்தி என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினேன்.

அவள் போவதற்கு முந்தின வாரம், விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தாள். என்னடி என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது. நான் போய்விட்டேன்.

அதன் பிறகு தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. அதுவும் கைப்பேசியில் விளக்குப் படம். கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் ஒரே ரயில்தான். இருவரும் ஏறவில்லை. அவள் நாற்காலியில் மட்டும் நான் யாரையும் உட்காரவிட்டதில்லை. துணி மூட்டை வைத்திருந்தேன்.

நடுவில் ஒரு கேள்விக்குறி

அழைத்தேன். அவள் எடுத்ததும் பின்னால் கொள்கலன் லோரி ஒன்று பின்வாங்கும் பீப் பீப் சத்தம். நலமா என்று கேட்கும் அளவுக்கு நான் நாகரிகம் தெரிந்தவள் இல்லை. மழை, கருகல், ஜமால், லெட்சுமியக்கா, ஒற்றைக் கை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்வாள், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்றும் பாதி மூளை யோசித்துக்கொண்டிருந்தது.

அவள் அதைச் சொல்லவில்லை.

“அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்கு?” என்றாள்.

“என்னமோ எரர்.”

“படிச்சியா?”

“மூடிட்டேன்.”

“திரும்ப வரவழை. மூடாத. ஒவ்வொரு எழுத்தாப் படி.”

படித்தேன். வட்டின் நகல் கோப்பைத் திறக்க முடியவில்லையாம். கோப்பு எங்கே இருக்கிறது என்று நீளமாக ஒரு முகவரி. எழுத்து, கோடு, எழுத்து, கோடு, நடுவில் ஒரு கேள்விக்குறி, மறுபடி கோடு.

“கேள்விக்குறியா?” என்றாள். லோரிச் சத்தம் நின்றிருந்தது. “அக்கா, அந்த ஃபோல்டருக்கு என்ன பேரு வச்ச?”

“வழக்கம்போலத்தான் லா.”

“வழக்கம்போலன்னா?”

“சுழி.”

அந்தப் பக்கமிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

ரசீது, அளவுச் சீட்டு, மளிகைச் சிட்டை எதுவானாலும் தலையில் ஒரு பிள்ளையார் சுழி இல்லாமல் என் கை ஓடாது. பழைய கணினியில் தமிழ் எழுத்து இல்லை, கோப்புறைகளுக்கெல்லாம் கோகிலாதான் ஆங்கிலத்தில் பெயர் வைத்தாள். புது மடிக்கணினியில் தமிழ்த் தட்டச்சு இருந்தது. புது வேலை, கல்யாண வேலை, சுழி போட்டுத் தொடங்கினால் தடங்கல் வராது என்று கோப்புறைக்கு ஒரே எழுத்தில் ‘உ’ என்று பெயர் வைத்திருந்தேன். அதற்குள்தான் எல்லாவற்றையும் போட்டிருந்தேன். ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த அந்த மென்பொருள், சுழியைப் பார்த்து விழித்துப்போய்க் கேள்விக்குறி போட்டுவிட்டது.

பிள்ளையாரா தடுக்கிறார் என்று கேட்டேன். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பயம்தான்.

“அவரு தடுக்கல. அந்த ப்ரோக்ராமுக்கு அவரு யாருன்னே தெரியல. பேர மாத்து. பிளவுஸ்னு இங்கிலீஷ்ல வையி.”

வீடியோ ஆளுக்கும் ஜமாலுக்கும் இந்த வியாதி தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர்கள் யாரும் சுழி போட்டு எதையும் தொடங்குபவர்கள் இல்லை. கோகிலாவுக்குக் கணினி தெரியும். அதைவிட அவளுக்கு என்னைத் தெரியும்.

மாற்றினேன். பெட்டி வரவில்லை. நீலத் திரை வந்தது, வெள்ளை எழுத்து ஓடியது. இனிமேல் ஓடும், வேலை நேரம் முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று அவள் வைத்துவிட்டாள். நான் சாமி படத்திலிருந்து குங்குமம் எடுத்து, மடிக்கணினியின் மூடியில் ஒரு சுழி போட்டேன். வெளியே போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அழுத்து என்றால் அழுத்துவேன்

ஓடியது உண்மைதான். கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. நூறு சதவீதம் ஆனதும் தானே அணைந்து தானே எழுந்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி: வட்டிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்.

அழுத்தினேன். நீலத் திரை வந்தது. வரவேற்கிறோம் என்றது. மறுபடி முதலிலிருந்து கோப்புகள் ஏறின. நூறு சதவீதம். அணைந்து எழுந்தது. ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்.

அழுத்தினேன். வரவேற்கிறோம்.

செக்குமாடு மாதிரி எத்தனை சுற்று சுற்றினேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அரைமணி போனது. மாலைக் கடைக்காரர் சாயங்காலப் பூவைக் கட்ட ஆரம்பித்துவிட்டார், வாசனை மேலே வந்தது. லெட்சுமியக்காவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது, மகள் மருதாணி போட்ட கையின் படம். இரண்டு கையும். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கோகிலா அழைத்தபோது நான் கத்திக்கொண்டுதான் எடுத்தேன். எல்லாம் ஏறுகிறது, ஏறி முடித்ததும் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்குகிறது என்றேன்.

“எழுந்திரிக்கிறப்ப ஏதாச்சும் கேக்குதா?”

“ஒரு கீய அழுத்துங்குது.”

“அழுத்துறியா?”

“அழுத்தச் சொன்னா அழுத்த மாட்டாங்களா?”

அவள் நீளமாக மூச்சு விட்டாள். முதல் தடவை மட்டும்தான் அழுத்த வேண்டுமாம். அதற்குப் பிறகும் அந்தக் கேள்வி வரும், கண்டுகொள்ளக் கூடாதாம். விட்டுவிட்டால் அது தானே உள்ளே இருக்கும் வட்டுக்குப் போய், ஏற்றியதை வைத்து மிச்ச வேலையை முடிக்குமாம். நான் ஒவ்வொரு தடவையும் அழுத்தி அழுத்தி, பாதி கட்டிய வீட்டை இடித்துவிட்டு மறுபடி அஸ்திவாரம் தோண்டச் சொல்லியிருக்கிறேன்.

“அப்ப நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணாத. கைய எடுத்து மடியில வையி.”

சும்மா இருந்த நேரம்

கடைசிச் சுற்று ஓட ஆரம்பித்தது. கோகிலா வைக்கவில்லை. வேலை முடிந்து கேன்டீனில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டேன். கைப்பேசி மேசையில், ஒலிபெருக்கியில்.

சதவீதம் ஊர்ந்தது. என் கால் தானாக ஆடியது. கொஞ்ச நேரத்தில் ஒரு கை தப்பித்துப்போய்க் கத்தரிக்கோலை எடுத்துவிட்டது.

“கத்தரிக்கோல் சத்தம் கேக்குது. கீழ வையி. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா?” என்றாள்.

வைத்தேன். திரையைப் பார்த்துக்கொண்டு, எதுவும் செய்யாமல், என் தங்கையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நேரம் எங்கள் இருவருக்கும் நடுவில் அதற்கு முன் இருந்ததே இல்லை. ஒரே அறையில் வருஷக்கணக்காக இருந்தோம், நான் நின்ற இடத்தில் நின்றதில்லை.

“அக்கா,” என்றாள். “நான் கம்ப்யூட்டர் மாத்தலன்னு போவல.”

நான் வாயைத் திறந்தேன். என்னமோ தோன்றி மூடிக்கொண்டேன்.

“எனக்குக் கண்ணுல ஓரம் மங்குது. நேராத் தெரியும், பக்கம் தெரியாது. அழுத்தமாம், கண்ணுக்குள்ள. ஊசி வர்றது தெரியாம விரல விட்டுட்டேன் அன்னைக்கு. நகத்தோட போச்சு. அதுக்கப்பறம் அந்த மெஷினப் பாத்தாலே பயம். புது மெஷின்ல கதவு இருக்கும், கை போனா நின்னுடும்னுதான் கேட்டேன்.”

பிளாஸ்டர். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன். எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, ஏன் என்னிடம் சொல்லவில்லை, நாளைக்கே கிளம்பலாம், எனக்குத் தெரிந்த ஒரு பெரிய கண் டாக்டர் இருக்கிறார், பாலபிஷேகத்துக்குச் சொல்லிவிடலாம், கிள்ளானில் ஏன் தனியாக இருக்கிறாய், இங்கே வந்துவிடு. வார்த்தைக்கு மேல் வார்த்தை.

அவள் நான் முடிக்கும் வரை காத்திருந்தாள்.

“பாத்தியா?” என்றாள். “அழுத்துற.”

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“இதுக்குத்தான் சொல்லல. டாக்டர் பாக்குறாரு. சொட்டு மருந்து போடுறேன். இப்ப அப்படியே நிக்குது, மோசமாவல. நீ ஒண்ணும் பண்ண வேணாம். உனக்குத் தெரிஞ்சிருந்தாப் போதும்.”

அதே நேரத்தில் திரை அணைந்து எழுந்தது. கறுப்பில் அந்த வரி. ஏதாவது ஒரு விசையை அழுத்தவும். பக்கத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் நின்றுகொண்டிருந்தேன், விசைப்பலகை கைக்கு எட்டும் தூரத்தில். என் விரல்கள் துடித்ததை நான் பொய் சொல்லாமல் சொல்கிறேன். மெதுவாக உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டேன்.

வரி தானே மறைந்தது. கொஞ்ச நேரம் வெறும் கறுப்பு. பிறகு, பழைய கணினியில் தினமும் காலையில் பார்த்த அதே படம், அதே நிறம், திரை நடுவில் மெல்ல எழுந்தது.

“வந்துருச்சு,” என்றேன். அவள் அப்போதும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

அடுத்த நாள்

சனிக்கிழமை காலை நான் கூப்பிடாமலே வந்தாள். கிள்ளானிலிருந்து முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்திருக்க வேண்டும், தலை இன்னும் ஈரம். படியேறும்போது கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே ஏறினாள். மேலிருந்து பார்த்த எனக்கு இறங்கி ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. உள்ளே போய் நாற்காலி மேலிருந்த துணி மூட்டையை எடுத்துக் கீழே வைத்தேன்.

அவள் உட்கார்ந்தாள். கணினிக்குள் இருந்த கணினியைத் திறந்து, பழைய வட்டிலிருந்து பூப்போடும் மென்பொருளையும் பூக்களையும் அதற்குள் ஏற்றினாள். முகத்தை லேசாக இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்ன வரிசையைத் திருப்பிப் போட்டாள். கம்பியை நான் சொருகினேன், சட்டத்தை நான் மாட்டினேன். ஊசிப் பக்கம் அவள் வரக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவளே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

இயந்திரம் தடதடத்தது. முதல் அன்னத்தின் கழுத்து இடது கையில் வளைந்து வந்தபோது, அவள் எனக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்தாள். எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை.

மத்தியானம் லெட்சுமியக்கா வந்தபோது கை பூப்போட்டு வெட்டியாகிவிட்டது, தைத்துக்கொண்டிருந்தேன். காத்திருங்கள் என்று குடிக்க ஒரு தே வரவழைத்துக் கொடுத்தேன். முடிந்த ரவிக்கையை அவர் வாங்கி, இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எந்தக் கை முதலில் போட்டது என்று தெரியவில்லையே என்றார். பூவை மட்டும் பார்த்தால் எனக்கே தெரியவில்லை.

அவர் போன பிறகு கடை அமைதியாக இருந்தது. கோகிலா பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தாள். மத்தியானச் சொட்டு. தலையைப் பின்னால் சாய்த்து, கையை உயர்த்தினாள், பிறகு இறக்கிவிட்டாள்.

“நானே ஊத்துனா பாதி கன்னத்துல போவுதுக்கா,” என்று புட்டியை என்னிடம் நீட்டினாள். “நீ ஊத்து.”

என் கை ஓரிடத்தில் நிற்காது என்பது பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கத் தெரியும். அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்துதான் நீட்டினாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். இமையை விரலால் விலக்கினேன். அவள் கண் என்னையே பார்த்தது, நேராக. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கை நின்றது. ஒரே ஒருமுறை, மெதுவாக அழுத்தினேன். சொட்டு சரியாக உள்ளே விழுந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நானும் இருந்தேன்.

“அடுத்த கண்ணு,” என்றாள்.